புயல் என்ற பெயர் பெறாத மழை

ஐப்பசி பிறந்ததும் ஆறுமுகநேரி, காயல்பட்டினம், ஆத்தூர் வட்டாரத்து அங்கத்தினர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி, "இவ்வாண்டு புயல் உண்டா?" என்பதாகும். உப்பளத்தார் அம்பாரத்தை மூடுவதும், வாழை விவசாயி மரங்களுக்கு முட்டுக் கொடுப்பதும், நெசவாளர் நூலையும் பாவையும் பரணில் ஏற்றுவதும் இக்கேள்விக்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தே நடைபெறுகின்றன. "புயல் இல்லை" என்று வானொலி அறிவித்துவிட்டால் மனம் ஆறுதல் அடைகின்றது. அந்த ஆறுதல் நம் கரைக்குப் பொருந்துமா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். பொருந்தாது என்பது என் கருத்து. அதற்குரிய காரணங்கள் நம் ஊர் எல்லைக்குள் அடங்குவன அல்ல. ஆப்பிரிக்கக் கரை முதல் சுமத்திரா வரை பரந்து கிடக்கும் இந்து மகா சமுத்திரம் முழுவதையும் நோக்கினால்தான் அவை விளங்கும்.

2023ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தை எடுத்துக்கொள்வோம். அம்மாதத் தொடக்கத்தில் 'மிக்ஜாம்' என்னும் புயல் வங்கக் கடலில் எழுந்து, சென்னையை வெள்ளத்தில் ஆழ்த்திவிட்டு, 5ஆம் தேதி ஆந்திரத்தில் பாபட்லா அருகே கரையைக் கடந்தது. தென்கோடியில் இருந்த நாம் அச்செய்தியைப் பத்திரிகைகளில் படித்து இரங்கினோம். "கார்த்திகைக்கு மிஞ்சின மழையும் இல்லை, கர்ணனுக்கு மிஞ்சின கொடையும் இல்லை" என்ற பழமொழியை நம்பி, மழைக்காலம் முடிந்தது என்று எண்ணியிருந்தவர் பலர். மார்கழி முதல் நாளாகிய 17ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பெய்த மழை அவ்வெண்ணத்தைப் பொய்யாக்கிவிட்டது. மறுநாள் காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்து மழைமானியில் பதிவான அளவு 95 செ.மீ. ஆகும். திருச்செந்தூரில் 69 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. பதிவாயின. நமது மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையே ஏறத்தாழ 70 செ.மீ.தான் என்பதை அங்கத்தினர்கள் நினைவிற் கொள்ள வேண்டும்.

95 செ.மீ. என்னும் எண்ணைக் காகிதத்தில் பார்த்தால் அதன் பாரம் தெரிவதில்லை. ஓர் ஏக்கர் நிலத்தின் மேல் 95 செ.மீ. மழை பெய்தால் விழுகின்ற நீர் ஏறக்குறைய 38 லட்சம் லிட்டர். அத்துணை நீரும் ஒரு பகல், ஓர் இரவுக்குள் விழுந்தது. குளங்கள் பல உடைந்தன. தாமிரபரணி கரைபுரண்டு ஏரல் கடைத்தெருவில் புகுந்தது. சாலைகளும் இருப்புப்பாதையும் அறுந்தமையால், திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றுவிட, எண்ணூறு பேர் வரையில் நடுவழியில் அகப்பட்டுக்கொண்டனர். அவர்களுள் பெரும்பகுதியினர் வெளியேற 19ஆம் தேதி ஆயிற்று. குவித்து வைத்திருந்த உப்பு கரைந்து கடலுக்கே திரும்பியது. வாழைத் தோட்டங்களும் கொடிக்கால்களும் நீரில் நின்றன. ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும் அதே 2023ஆம் ஆண்டில்தான் என்பதை நினைக்கும்பொழுது வருத்தம் மிகுகின்றது. வெற்றிலைக் கொடிக்கு ஈரம் வேண்டும். ஆனால் வேரடியில் நீர் தேங்கினால் சில நாட்களிலேயே கொடி அழுகிவிடும்.

இத்தனை நஷ்டத்தையும் விளைவித்தது புயல் அன்று; புயலுக்கு முந்திய படியாகிய காற்றழுத்தத் தாழ்வு மண்டலமும் அன்று. குமரிக் கடல் பகுதியில் நிலைகொண்ட ஒரு வளிமண்டல மேலடுக்குச் சுழற்சியே அது. அதற்குப் பெயர் இல்லை.

பெயர் வைக்கும் முறையை முதலில் அறிந்துகொள்வது நன்று. வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் தோன்றும் புயல்களுக்குப் பெயரிடும் வழக்கம் 2004ஆம் ஆண்டில் தொடங்கியது. சுழலும் காற்றின் வேகம் மணிக்கு 31 கி.மீ. எட்டினால் அது தாழ்வு மண்டலம், 50 கி.மீ. எட்டினால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62 கி.மீ. எட்டினால்தான் புயல். அப்பொழுதுதான் பெயர் சூட்டுவர். இப்படிகள் யாவும் காற்றின் வேகத்தைக் கொண்டு வகுக்கப்பட்டவை என்பதைக் கவனிக்க. அது கொண்டுவரும் மழை எவ்வளவு என்பது இவ்வளவையில் சேராது.

துறைமுகத்தில் ஏற்றப்படும் எச்சரிக்கைக் கூண்டின் கதையும் இதுவே. 1ஆம் எண் கூண்டு, தொலைவில் கடல் நடுவே ஒரு தாழ்வு மண்டலம் உண்டு என்பதைச் சொல்லும். எண் ஏற ஏற ஆபத்து நெருங்குகின்றது என்று பொருள். 8, 9, 10 ஆகியவை பேராபத்துக்கு உரியவை. 11ஆம் எண்ணுக்குப் பொருள், வானிலை நிலையத்தோடு செய்தித் தொடர்பே அறுந்துவிட்டது என்பதாகும். கப்பல் தலைவர்களுக்கும் கடலோடிகளுக்கும் இக்கூண்டுகள் பேருதவி புரிகின்றன. காற்றும் அலையும் அவர்களுக்கு உயிர்ப் பிரச்சினை அன்றோ! ஆனால் கொடிக்காலில் எவ்வளவு நீர் நிற்கும் என்பதைக் கூண்டு சொல்லாது. அது சொல்லும் என்று நாமாக எண்ணிக்கொண்டால் பிழை கூண்டினுடையதன்று.

இனி, நம் கடலின் தன்மையைப் பார்ப்போம். பசிபிக், அட்லாண்டிக் ஆகிய சமுத்திரங்கள் வடதுருவப் பகுதியை நோக்கி நீண்டு செல்கின்றன. இந்து மகா சமுத்திரத்தையோ ஆசியாக் கண்டம் வடக்கே சுவர் வைத்ததுபோல் மறித்து நிற்கின்றது. கோடையில் அந்தப் பெருநிலம் காய்கின்றது. காற்று கடலிலிருந்து நிலத்தை நோக்கி ஓடுகின்றது. குளிர்காலத்தில் நிலம் விரைவாகக் குளிர, காற்று திசை மாறி நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகின்றது. இவ்வாறு ஆண்டுக்கு இருமுறை காற்று முற்றிலும் திரும்பும் சமுத்திரம் வேறில்லை. இத்திருப்பத்தை அறிந்தே பழங்காலத்து யவனக் கப்பல்கள் அரபிக் கடலைக் கடந்து தென்னாட்டுத் துறைகளுக்கு வந்துபோயின. காற்றோடு நீரோட்டமும் திரும்புகின்றது. வடகிழக்குப் பருவத்தில் வங்கக் கடலின் நீர் இலங்கைக்குத் தெற்கே சுற்றி மேற்கு நோக்கி ஓடுகின்றது. தென்மேற்குப் பருவத்தில் அரபிக் கடலின் நீர் கிழக்கு நோக்கி ஓடுகின்றது. நீவாடு என்று நம் கடற்கரையார் வழங்கும் நீரோட்டம் மாறும் நாட்களை அவர்கள் எந்தக் கருவியும் இன்றியே அறிவர்.

இவ்விரு காற்றுகளும் நம் வட்டாரத்துத் தொழில்களைப் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன. ஆனி, ஆடி மாதங்களில் வீசும் கச்சான் காற்று பொதிகை மலையின் மேற்குப் பக்கத்திலும் உச்சியிலும் தன் ஈரத்தையெல்லாம் கொட்டிவிட்டு, நம் பக்கம் இறங்கும்பொழுது வெப்பமும் வறட்சியும் கொண்டதாகின்றது. அதனால்தான் நாடெங்கும் மழைக்காலமாக இருக்கும்பொழுது ஆறுமுகநேரியில் உப்பு விளைகின்றது. பாத்தியில் உப்பு பூப்பதற்கு அக்காற்றைப் போன்ற துணை வேறில்லை. ஆயினும் அதே காற்று நெசவாளருக்குத் துணையன்று. பருத்தி நூல் ஈரம் குன்றினால் அடிக்கடி அறுந்துபோகும். நம் முன்னோர் தறியைக் குழியில் அமைத்ததற்கு மண்ணின் குளிர்ச்சி நூலுக்கு நல்லது என்பதும் ஒரு காரணமாகும். விவசாயிக்கு நிலைமை வேறு. தலைக்கு மேலே மேகமே இல்லாதிருப்பினும், பொதிகையில் பெய்த மழை தாமிரபரணி வழியே ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்கு வந்து கார் பயிருக்குப் பாய்கின்றது. பின்னர் ஐப்பசியில் வாடையும் கொண்டலும் வீசத் தொடங்கும், உப்பளம் ஓயும், பிசானப் பயிர் எழும்.

முத்துக் குளிப்போ இரு காற்றுகளுக்கும் இடைப்பட்டது. பங்குனி, சித்திரை மாதங்களில் வாடை ஓய்ந்து கச்சான் எழாத சில வாரங்களே கடல் தெளிந்து, குளிகாரர் பத்துப் பாக ஆழத்தில் பாரைக் கண்ணாற் காணத்தக்க காலம். தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை நடைபெற்ற குளிப்புகளோடு அத்தொழில் நின்றுவிட்டது. சிப்பிக் குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து அலைந்து, இடம் வாய்த்தால் பாரில் ஒட்டி வளர்வன. ஆகவே ஓராண்டு பார் நிறைந்திருப்பதும், பல்லாண்டுகள் வெறுமையாகக் கிடப்பதும் முத்துக் குளிப்பின் வரலாற்றில் பழகிப்போன செய்திகள்.

புயலின் பக்கம் மீண்டும் வருவோம். கடல் நீரின் மேற்பரப்பு 26½ டிகிரி வெப்பத்துக்கு மேல் இருந்தால்தான் புயல் உருவாகி வலுப்பெறும். ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலின் வெப்பம் இந்த அளவைத் தாண்டியே நிற்கின்றது. அந்தமானுக்குத் தெற்கேயும், சில வேளைகளில் தாய்லாந்து வளைகுடாவிலும் எழும் சிறு தாழ்வுகள் மேற்கு நோக்கி நகர்ந்து வருகின்றன. 2018 நவம்பரில் வேதாரண்யத்தருகே கரையேறித் தஞ்சைத் தென்னந்தோப்புகளைச் சாய்த்த 'கஜா' அவ்வாறு தாய்லாந்து வளைகுடாவிலிருந்து புறப்பட்டதேயாகும். நம் கரைக்கு வரும் புயல்களைப் பெரும்பாலும் இலங்கைத் தீவு தடுத்துவிடுகின்றது. நிலத்தின் மீது ஏறிய புயல், நீராவி கிடைக்காமையால் வலு இழக்கும். 2020 டிசம்பரில் திருகோணமலை அருகே கரையேறிய 'புரெவி' மன்னார் வளைகுடாவுக்கு வந்தபின் மேலும் தளர்ந்து, கடலிலேயே தேங்கிவிட்டது. "தூத்துக்குடிக்குப் புயல் வராது" என்று பெரியவர்கள் கூறுவதற்கு அடிப்படை இந்த அரண்தான்.

இவ்வரணை முழுவதும் நம்பலாகாது என்பதற்கு 1964ஆம் ஆண்டு சாட்சி. டிசம்பர் மாத நடுவில் தெற்கு அந்தமான் கடலில் தோன்றிய தாழ்வு பெரும் புயலாகி, 22ஆம் தேதி இலங்கையின் வடபகுதியைக் கடந்தும் வலு குன்றாமல், அன்றிரவு தனுஷ்கோடியைத் தாக்கியது. எழுந்த கடல் ஊரையே விழுங்கியதோடு, பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த ரயிலையும் நூற்றுக்கு மேற்பட்ட பிரயாணிகளோடு கொண்டுபோயிற்று. அதுவும் மார்கழி மாதமே. கார்த்திகையைப் பற்றிய பழமொழி எங்கே தோன்றியதோ அறியேன். நம் கரையில் தோன்றியிராது.

எனினும் இலங்கை தடுப்பது காற்றின் வேகத்தையே. ஈரத்தை அது தடுப்பதில்லை. குமரிக் கடலில் ஒரு சுழற்சி அமைந்தால், வங்கக் கடலின் வெப்ப நீர்ப்பரப்பிலிருந்து ஈரத்தை அள்ளிக்கொண்ட கிழக்குக் காற்று மன்னார் வளைகுடாவுக்குள் புகுந்து நம் கரையை நோக்கிக் குவிகின்றது. நிலத்தில் ஏறியதும் அதன் வேகம் குறைய, பின்னால் வருவது முன்னால் நிற்பதன்மேல் நெருங்குகின்றது. மேற்கே மலைத்தொடர் வழியை மறிக்கின்றது. நெருங்கிய காற்றுக்கு மேலே எழுவதைத் தவிர வேறு வழியில்லை. எழுந்த காற்று குளிர்ந்து மழையாகின்றது. ஒரு மேகம் பெய்து ஓயுமுன் அதன் பின்னே மற்றொன்று அதே இடத்தில் திரள்கின்றது. வலுத்த புயலாயின் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் கடந்து போய்விடும். வலுவற்ற சுழற்சிக்கோ அவசரம் இல்லை. நின்ற இடத்திலேயே நின்று பெய்யும். 2021 நவம்பர் 25ஆம் தேதி காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 30 செ.மீ. அளவுக்குப் பெய்து தூத்துக்குடித் தெருக்களை நிரப்பிய மழையும் புயலின்றி வந்ததுதான்.

இனி ஒரு கேள்வி எழலாம். சுழற்சிகள் ஆண்டுதோறும் தோன்றுகின்றன. ஓர் ஆண்டு வெள்ளமும் மற்றோர் ஆண்டு வறட்சியும் ஏற்படுவது ஏன்? இதற்கு விடை தேடத் தொடங்கியவர்களுள் முக்கியமானவர் 1904 முதல் 1924 வரை இந்திய வானிலை இலாகாவின் தலைவராயிருந்த கில்பர்ட் வாக்கர் என்னும் கணித வல்லுநர். உலகின் பல நாடுகளிலிருந்து அழுத்தக் கணக்குகளைத் திரட்டி ஒப்பிட்ட அவர், பசிபிக்கில் காற்றழுத்தம் ஏறும்பொழுது இந்து மகா சமுத்திரத்தில் இறங்குவதையும், அங்கே இறங்கும்பொழுது இங்கே ஏறுவதையும் கண்டறிந்தார். பெரு நாட்டு மீனவர்கள் 'எல் நினோ' என்று அழைத்த கடல் வெப்பமும் இந்த ஏற்ற இறக்கமும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பது பிற்காலத்தில் விளங்கிற்று.

நம் சமுத்திரத்துக்குள்ளேயே அத்தகைய தராசு ஒன்று உண்டு என்பதை ஜப்பானில் பணிபுரிந்த ஆராய்ச்சியாளர்கள் 1999ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இந்தியப் பெருங்கடல் இருமுனை என்பது அதன் பெயர். வழக்கமான ஆண்டில் சுமத்திராவை அடுத்த கடல் அதிக வெப்பமாக இருக்கும். ஆப்பிரிக்கப் பக்கம் அவ்வளவு வெப்பம் இராது. சில ஆண்டுகளில் பூமத்திய ரேகையை ஒட்டிக் கிழக்குக் காற்று ஓங்கி, வெப்ப நீரை மேற்கே தள்ளிக்கொண்டு போகின்றது. சுமத்திராக் கரையில் அடிநீர் மேலே வந்து கடல் குளிர்கின்றது. ஆப்பிரிக்கக் கரை சூடேறுகின்றது. அத்தகைய ஆண்டுகளில் ஈரம் மிக்க கிழக்குக் காற்று நம்மை நோக்கி வலுவாக வருதலால், வடகிழக்குப் பருவமழை மிகுதியாகப் பெய்யும் போக்கு காணப்படுகின்றது. 1997, 2019, 2023 ஆகியவை அவ்வகை ஆண்டுகள். தராசு மறுபக்கம் சாய்ந்த 2016ஆம் ஆண்டிலோ தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழை நூற்றுக்கு அறுபது பங்குக்கு மேல் குறைந்துபோயிற்று. கிணறுகள் வற்றிய அவ்வாண்டை விவசாய அன்பர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

ஆனால் தராசைக் கொண்டு நாள் குறிக்க இயலாது. மேலே குறிப்பிட்ட 2021ஆம் ஆண்டில் எல் நினோவும் இல்லை. இருமுனையும் நமக்குச் சாதகமாகச் சாயவில்லை. ஆயினும் மழை சராசரியைவிட நூற்றுக்கு ஐம்பது பங்குக்கு மேல் கூடிற்று. பருவத்தின் போக்கைத் தராசு காட்டும். ஒரு குறிப்பிட்ட ஞாயிற்றுக்கிழமையை அது காட்டாது. இந்த வேற்றுமையை உணராமல், "இது எல் நினோ ஆண்டு, ஆகவே இப்படித்தான் நடக்கும்" என்று உறுதி கூறுவோர் பேச்சை நான் பொருட்படுத்துவதில்லை.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். இந்து மகா சமுத்திரத்தின் மேற்பரப்பு 1950க்குப் பின் ஏறத்தாழ ஒரு டிகிரி வெப்பம் கூடியிருக்கின்றது. ஒரு டிகிரி என்பது கைக்குத் தெரியாத வேற்றுமை. ஆனால் ஒரு டிகிரி கூடிய காற்று நூற்றுக்கு ஏழு பங்கு அதிகமான நீராவியைத் தாங்க வல்லது. மழை நாட்கள் பெருகாமலே, பெய்யும் நாளில் பெய்யும் அளவு பெருகுவதற்கு இது இடமளிக்கின்றது. மன்னார் வளைகுடாவின் பவளப் பாறைகள் 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் வெப்பம் தாளாமல் வெளுத்துப்போனதும் இதே மாறுதலின் அடையாளமே.

அங்கத்தினர்கள் செய்யத்தக்கது என்ன? வானிலை அறிக்கையில் 'புயல்' என்ற சொல்லை மட்டும் தேடுவதை விட்டுவிட வேண்டும். கார்த்திகை, மார்கழி மாதங்களில் "குமரிக் கடல் பகுதியில் வளிமண்டல மேலடுக்குச் சுழற்சி" என்ற தொடர் வந்தால், சென்னையை நோக்கிச் செல்லும் புயலைவிட அதுவே நமக்கு நெருங்கிய செய்தி எனக் கொள்ளல் தகும். பெரும்பாலான சுழற்சிகள் மிதமான மழையோடு விலகிவிடும் என்பது உண்மையே. ஆகையால் தொடரோடு நிறத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மஞ்சள் கவனிக்கச் சொல்வது. ஆரஞ்சு ஆயத்தமாகச் சொல்வது. சிவப்பு உடனே செயல்படச் சொல்வது. இங்கே ஒரு நுட்பம் உண்டு. 24 மணி நேரத்தில் 20 செ.மீ.க்கு மேற்பட்ட மழைக்கு 'அதி கனமழை' என்று பெயர். அதற்கு மேல் வேறு வகுப்பு இல்லை. 21 செ.மீ. பெய்தாலும் 95 செ.மீ. பெய்தாலும் சொல் ஒன்றே, நிறமும் ஒன்றே. ஆகவே சிவப்பு என்பதை "20 செ.மீ. பெய்யும்" என்று படிக்காமல், "20 செ.மீ.யிலிருந்து மேலே எவ்வளவும் பெய்யலாம்" என்று படிக்க வேண்டும்.

நெசவாளர்கள், சிவப்பு அறிவிப்பு வந்தவுடன் குழித்தறியிலிருந்து பாவைக் கழற்றிச் சுருட்டி, நூல் சிட்டங்களோடு உயரத்தில் வைத்துவிடலாம். தறி நனைந்தால் உலர்த்திக்கொள்ளலாம், சேற்று நீரில் ஊறிய பாவு திரும்ப உதவாது. கொடிக்காலில் வடிகாலைப் பருவம் தொடங்குமுன்பே வெட்டிவிட வேண்டும். மழையில் வெட்டும் வடிகால் பக்கத்துக் கொடிக்காலில் போய் முடியும் என்பது ஆத்தூர்க்காரர்களுக்குத் தெரியாததன்று. பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள் உண்டாகையால், வானத்தைப் பார்த்துவிட்டுச் சேரலாம் என்று இருத்தல் கூடாது.

சங்கங்கள் செய்யத்தக்க வேலையும் ஒன்று இருக்கின்றது. நேராக நிற்கும் உருளையும் அளவுகோலும் கொண்ட சாதாரண மழைமானியை ஒவ்வொரு சங்கமும் தன் கட்டட முற்றத்தில், மரநிழலும் சுவர் மறைப்பும் இல்லாத இடத்தில் நிறுவலாம். அதற்குச் செலவு அதிகமில்லை. நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அளந்து பலகையில் எழுதிப் போட ஒருவரை நியமித்தால் போதும். காயல்பட்டினத்துக்கும் ஸ்ரீவைகுண்டத்துக்கும் இடையே அன்று 33 செ.மீ. வேற்றுமை இருந்தது. இடையிலுள்ள ஊர்களில் எங்கே எவ்வளவு பெய்தது என்பதற்குச் சங்கத்துக் கணக்கு இருக்குமானால், எந்தக் குளத்துக்கு எத்தனை மணி நேரத்தில் நீர் வந்து சேரும் என்பதைக் கடைமடையில் உள்ளவர்களுக்கு அடுத்த முறை முன்கூட்டியே சொல்ல முடியும். மழை கடுமையாகப் பெய்யும் நாளில் காலை வரை காத்திராமல் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அளப்பது நலம். இல்லாவிடில் உருளை நிரம்பி வழிந்து, அளவே தெரியாமற் போய்விடும்.